கிழக்கு வாசலில் அட்டை லுவான்

சேவை செய்கிற கிழவர் கிழவிகள் ஏன் விடாமல் சேவை செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மாவட்டத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, ஹுவாமிங் குடியிருப்பில் யாருக்கும் சேவை செய்ய நேரமில்லாமல் போயிற்று.

காலையில் ஒத்திகை. மதியம் ஒத்திகையில் எடுத்த படங்களைப் பார்த்துக் குறை சொல்லும் கூட்டம். சாயங்காலம் புன்னகைப் பயிற்சி. பல் கட்டியவர்கள் வாயை மூடிச் சிரிக்க வேண்டும், சொந்தப் பல் உள்ளவர்கள் திறந்து சிரிக்கலாம் என்று குடியிருப்போர் குழு முடிவு செய்திருந்தது. குழுவின் செயலாளர் யான் நாற்பது வயதுக்காரர். வெந்நீர்க் குடுவை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பேச ஆரம்பிக்கும்போது குடுவையைத் திறப்பார், பேசி முடித்த பிறகுதான் மூடுவார். அதனால் அவர் வாழ்நாளில் சூடாக ஒரு வாய் வெந்நீர் குடித்தாரா என்பது சந்தேகம்தான்.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. எந்த உதவியானாலும் முன் படம், நடுப் படம், பின் படம் என்று மூன்று வேண்டும். படம் இல்லாத உதவி நடக்காத உதவி. குளிர்காலத்துக்கு வாங்கிய முட்டைக்கோஸ் மூட்டையை ஒரு கிழவருக்காக மாடி ஏற்றிக் கொடுத்தாள் கெங் யாசியான். நடுப் படத்தில் முகம் சரியாக விழவில்லை என்று மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னார்கள். அப்புறம் பின் படத்தில் கிழவர் நன்றியோடு பார்க்கவில்லை என்றார்கள். மூட்டை இரண்டாம் முறையும் கீழே இறங்கியபோது, எனக்கு இந்த வருஷம் முட்டைக்கோஸே வேண்டாம் என்று கிழவர் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்.

கெங்கின் சிநேகிதி லுவான் ஃபெங்ஜியின் உதவியோ படத்துக்கே அடங்காதது. படம் எடுக்கிற குமாஸ்தா நிங் ஒருமுறை கிழக்கு வாசலுக்கு வந்து மூன்று படமும் எடுத்துப் பார்த்தாள். முன் படத்தில் ஒரு கிழவர் வாசலுக்கு வருகிறார். நடுப் படத்தில் நிற்கிறார். பின் படத்தில் வந்த வழியே திரும்பிப் போகிறார்.

"அக்கா, இதுல மாற்றம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் நிங்.

"மாற்றம் இல்லாம இருக்கறதுதாம்மா வேலையே," என்றாள் லுவான்.

லுவானுக்கு அறுபத்தெட்டு வயது. பக்கத்தில் இரும்பு வார்ப்பாலை இருந்த காலத்தில் அதன் சமையல்கூடத்தில் கரண்டி பிடித்தவள். ஆலை மூடி, இடித்து, அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வணிக வளாகம் எழும்பி வருடங்களாகிவிட்டன. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் வெகு தூரம் தெற்கே இருக்கிறான், சீனப் புத்தாண்டு வசந்த விழாவுக்கு வந்து முகம் காட்டுவான். பஞ்சுக் கோட்டின் மேல் குழு கொடுத்த கையில்லாத சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு காலையில் கிழக்கு வாசலில் நிற்பது அவள் பொறுப்பு. 'ஒழுங்கையும் நல்லிணக்கத்தையும் பேணுதல்' என்று குழு அதற்குப் பெயர் வைத்திருந்தது. உண்மையில் அவள் பேணியது ஒரே ஓர் ஆளைத்தான்.

அந்த ஆள் தோங் மேஸ்திரி. எண்பதைத் தாண்டியவர். ஆலையின் பெரிய உலை அவர் பொறுப்பில் இருந்தது. ஞாபகம் அவரைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டு வந்தது. வேலைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் கழலவில்லை. மகள் தோங் ஹுய் பேருந்துப் பணிமனைக்குக் கிளம்பிப் போனதும், பழைய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அந்த ஆலையில் வேலைக்கு வருகிறவன் தன் எண் பொறித்த வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். ஷிப்ட் முடிந்ததும் வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

தினமும் கிழக்கு வாசலில் அவர் வில்லையை நீட்டுவார்.

"மேஸ்திரி, ஷிப்ட் மாறிடுச்சு. உங்களுக்கு இன்னிக்கு ராத்திரி ஷிப்ட்," என்பாள் லுவான்.

"எவன் மாத்தினது?"

"ஆபீஸ்லதான்."

"அவனுங்களுக்கு வேற வேலையே கிடையாது," என்று வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். ராத்திரிக்குள் அது மறந்துபோகும். மறுநாள் காலை மறுபடி வருவார்.

இது சிவப்புச் சட்டை இருக்கிறவரைதான் செல்லும். ஒருநாள் சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு வெறும் கோட்டோடு நின்றாள். "வெளியாளுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?" என்று அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனார் மனிதர். வாசலைத் தாண்டினால் லாரிகள் பறக்கிற அகலச் சாலை. அதைத் தாண்டினால் உறைந்த கால்வாய். சாலை ஓரத்தில் ஓடிப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள். அன்றிலிருந்து சட்டை காயாவிட்டாலும் ஈரத்தோடு மாட்டிக்கொள்வாள்.

போன குளிர்காலத்தில் மகள் அவரை உள்ளே வைத்துப் பூட்டிப் பார்த்தாள். கதவைப் பிராண்டிப் பிராண்டி அவர் நகம் பெயர்ந்து போயிருந்தது. கட்டுப் போட்ட விரல்களைப் பற்றிச் சொல்லி அவள் அழுதபோது லுவானுக்குத் தாங்கவில்லை. "கதவைப் பூட்டாதே. வாசல்ல நான் இருக்கேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் சேவையின் வரலாறு.

ஆய்வுக் குழுவுக்காக நடந்த கூட்டத்தில் செயலாளர் யான் குடுவையைத் திறந்தார்.

"மூத்தோரே! சேவை என்பது செய்வதோடு முடிந்துவிடுவதில்லை. செய்தது தெரிய வேண்டும். தெரிந்தாலும் போதாது, ஏன் செய்தோம் என்பதும் தெரிய வேண்டும். அது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். கவலை வேண்டாம். உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம். இருந்தாலும் ஒரு பேச்சுக்கு உங்களையும் கேட்டுவிடுகிறேன். ஏன் வருகிறீர்கள்?"

"வீட்டுல மருமக இருக்கா," என்றாள் கெங்.

"இங்க ஹீட்டர் நல்லா எரியுது," என்றார் பின்வரிசைக் கிழவர் ஒருவர்.

"அவர் வர்றார். அதனால நானும் வர்றேன்," என்றாள் லுவான்.

"எவர்?"

"தோங் மேஸ்திரி."

யான் கூரையைப் பார்த்தார். "லுவான் அக்கா, இதுல அமைப்பு எங்க இருக்கு? குழு எங்க இருக்கு? ஒரு கிழவர் வர்றார், ஒரு கிழவி வர்றாங்க. இதை மாவட்டத்துக்கு அனுப்பினா என்ன நினைப்பாங்க?"

கூட்டத்தில் சிரிப்பு. நிங் அச்சடித்த பதிலை எல்லோருக்கும் கொடுத்தாள். 'என் உள்ளத்தில் ஓர் அணையாச் சுடர் எரிகிறது. அதை ஏற்றி வைத்தது குடியிருப்போர் குழு.' முதல் வரிசை நடு நாற்காலி லுவானுக்கு. கேள்வி கேட்டால் அவள் எழுந்து இதைச் சொல்ல வேண்டும்.

"அன்னிக்குக் காலையில கிழக்கு வாசல்ல யார் நிப்பாங்க?" என்று கேட்டாள் லுவான்.

"யாரும் நிக்க வேண்டாம். எல்லாரும் மண்டபத்துல இருக்கணும். 'பணியிடத்தை ஒருபோதும் விட்டு நீங்காத மூத்தோர்', அதானே தலைப்பு? ஒரு நாற்காலி காலியா இருந்தாலும் தலைப்பே கெட்டுடும்."

"வாசல் காலியா இருக்குமே."

"வாசலை யார் வந்து ஆய்வு பண்ணப் போறாங்க?"

"அப்ப நான் வரல செயலாளர். நான் வாசல்லயே நிக்கிறேன்."

யான் குடுவையை மூடினார். பேச்சின் நடுவில் அவர் குடுவையை மூடியதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். "அப்படின்னா சட்டையைக் கழட்டிக் கொடுத்துடுங்க. ஒத்துழைக்கிறவங்க யாராவது போட்டுப்பாங்க."

லுவானின் கை தானாகச் சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சட்டை போனால் தோங் மேஸ்திரியும் போனார். அவள் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம் என்று யான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். மேஸ்திரி கிளம்ப ஒன்பதரை ஆகும். சமாளித்துவிடலாம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

பிறகு யானுக்கு ஒரு நினைப்பு வந்தது. ஆய்வுக் குழுவின் கார் கிழக்கு வாசல் வழியாகத்தான் வரும். வாசல் வெறிச்சோடிக் கிடந்தால் நன்றாயிராது. ஆகவே, பணியிடத்தை விட்டு நீங்காத லுவானை ஆளுயர அட்டையில் அச்சடித்து வாசலில் நிறுத்திவிட்டார். அட்டை லுவான் சிவப்புச் சட்டை போட்டிருந்தாள், அளவாகச் சிரித்தாள், வலது கையை நீட்டி மண்டபம் இருக்கும் பக்கத்தைக் காட்டினாள்.

"உன்னைவிட இவ அழகா இருக்காடி," என்றாள் கெங். "குளிருக்கு முனக மாட்டா, வாயும் பேச மாட்டா. செயலாளருக்கு இனிமே நீ எதுக்கு?"

லுவான் சிரிக்கவில்லை. "ஷிப்ட் மாறிடுச்சுன்னு அட்டைக்குச் சொல்லத் தெரியாதே," என்றாள்.

அந்த நாள் வந்தது. மூக்கு மயிர் உறைகிற குளிர், இடைவிடாத பொடிப் பனி. மண்டபத்து வாசலில் எல்லோருடைய கைபேசியையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டாள் நிங். சேவை பற்றிப் பேசும்போது யாராவது அழைத்துச் சேவை கேட்டுவிட்டால் நிகழ்ச்சி கெட்டுப்போகும் என்று காரணம் சொன்னார்கள்.

எட்டு மணிக்கு ஆய்வுக் குழு வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. பக்கத்துக் குடியிருப்பிலும் ஈடுபாடுள்ள மூத்தோர் இருந்தார்களாம், ஆய்வுக் குழுவை அங்கே உட்கார வைத்துவிட்டார்களாம். மேடைக்கு மேலே பெரிய கடிகாரம். லுவான் அதைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள். ஒன்பது அடித்தது. ஹீட்டர் அனலில் உள்ளே வேர்த்தது, கால் மட்டும் சில்லிட்டுக் கிடந்தது.

அவள் எழுந்து கதவுக்குப் போனாள். "நிங், ஒரு நிமிஷம் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"உட்காருங்க அக்கா. பணியிடத்தை விட்டுப் போகாததைப் பத்திப் பேசப் போறவங்களே எழுந்து போனா எப்படி?"

"அவர் கிளம்பற நேரம் ஆச்சும்மா."

"அட்டை நிக்குதே அக்கா."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கடிகாரத்தின் பெரிய முள் இறங்கிக்கொண்டே போனது. இந்நேரம் கோட்டை மாட்டியிருப்பார். இந்நேரம் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருந்த கெங் அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிட்டதைப் பார்த்தாள்.

"எந்திரிச்சுப் போ," என்று கிசுகிசுத்தாள் கெங். "நான் மயக்கம் போட்டு விழறேன்."

"விளையாடாதே."

"மருமகளுக்கு முன்னால போட்டுப் பழக்கம்தான், போ."

சொன்ன கையோடு கெங் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள். நான்கு சிவப்புச் சட்டைகள் ஓடிவந்தன. நிங் கதவை விட்டுவிட்டுக் கைபேசியோடு பாய்ந்து வந்து, "இருங்க, யாரும் தூக்காதீங்க, முன் படம் எடுத்துக்கறேன்," என்று கத்தினாள். லுவான் பின்பக்கத்துக் கொதிகலன் அறை வழியாக வெளியே நழுவினாள். அவசரத்தில் சட்டை கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்தது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

கிழக்கு வாசலில் அட்டை லுவான் சிரித்துக்கொண்டு நின்றாள். நீட்டிய விரலில் பித்தளை வில்லை தொங்கிக் காற்றில் ஆடியது.

அது மேஸ்திரியின் வில்லைதான். வந்திருக்கிறார். வில்லையை நீட்டியிருக்கிறார். ஷிப்ட் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பனியில் காலடி எதுவும் மிஞ்சவில்லை. வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஆலை இருந்த இடத்தைப் பார்த்து ஓடினாள்.

சாலையில் ஒரு லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டித் திட்டினான். உலையைத் தேடி ஒரு நீலக் கோட்டுக் கிழவர் வந்தாரா என்று வணிக வளாகத்துக் காவலாளியிடம் மூச்சிரைக்கக் கேட்டாள்.

"நீலக் கோட்டுப் போட்ட கிழவரா? ஒரு நாளைக்கு நூறு நீலக் கோட்டு வருது அம்மா. உலையைத் தேடிட்டா வந்தார்? இங்க காலணிக் கடைதான் இருக்கு."

உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. பிறகு கால்வாய்க் கரை. மீன் பிடிக்கிறவர்கள் பனிக்கட்டியில் வெட்டிய குழியொன்று மேலே மெல்லிய ஏடு கட்டிக் கிடந்தது. அதன் ஓரத்தில் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தாள். கறுப்புத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கதவைப் பூட்டாதே என்று நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கூப்பிடக் கைபேசி இல்லை, அது தொட்டியில் கிடக்கிறது. குடியிருப்பின் ஒலிபெருக்கி மண்டபத்தில் இருக்கிறது. யானின் காலைப் பிடித்தாவது அறிவிக்கச் சொல்ல வேண்டும் என்று திரும்பி ஓடினாள்.

மண்டபத்துக் கதவைத் தள்ளும்போது உள்ளே மைக்கில் ஒரு குரல் கேட்டது. தினமும் காலையில் கேட்கிற குரல்.

முதல் வரிசை நடு நாற்காலியில், நீலக் கோட்டின் மேல் சிவப்புச் சட்டையோடு, தோங் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

நிங் அவளைப் பிடித்து நிறுத்தினாள். "எங்க போயிட்டீங்க அக்கா? உங்க நாற்காலி காலி, கார் வந்து நின்னுடுச்சு, எனக்கு உயிரே போச்சு. நல்லவேளை இவரா உள்ள வந்தார். வாசல்ல இந்தப் பக்கம் போகச் சொன்னாங்கன்னார். நீங்க கழட்டிப் போட்ட சட்டையை மாட்டி உட்கார வச்சுட்டேன்."

ஆய்வுக் குழுத் தலைவர் ஃபூ அம்மையார் மேஸ்திரியின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். "ஐயா, இத்தனை ஆண்டுகளாக உங்களை இந்தப் பணியில் பிடித்து வைத்திருப்பது எது?"

"உலை," என்றார் மேஸ்திரி.

யானின் உதடுகள் 'சுடர், சுடர்' என்று அசைந்தன.

"உலையா? கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா?"

"நான் போகலேன்னா குளிர்ந்துடும். இரும்பு உள்ளயே கட்டிப்போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்றதுக்கில்ல. உலையை உடைக்கத்தான் வேணும்."

ஃபூ அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். "அக உலை. எழுதிக்கொள்ளுங்கள்," என்றார். மூன்று உதவியாளர்கள் எழுதினார்கள். "ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியதே இல்லையா?"

"மாத்து ஆள் வராம உலையை விட்டுட்டு எவன் போவான்?"

"தலைமை உங்களுக்கு எப்படி ஊக்கம் கொடுத்தது?"

"செயலாளரா? உலைப் பக்கம் வந்ததே இல்ல. சட்டை அழுக்காயிடுமாம். நாங்களும் கூப்பிடறதில்ல. வந்தா வேலை கெடும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சொன்னது ஆலைச் செயலாளரை என்று தெரியாமல் யானின் முகம் வெளுத்தது. ஃபூ அம்மையார் நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தார். "பல குடியிருப்புகளில் மூத்தோர் தலைமையைப் புகழ்ந்து ஒரே வாக்கியத்தை ஒப்பித்தார்கள். இங்கே மட்டும்தான் மனந்திறந்த பேச்சைக் கேட்கிறேன். இவ்வளவு துணிச்சலை வளர்த்த செயலாளர் யார்?" யான் எழுந்து குனிந்து வணங்கினார்.

லுவான் நிங்கின் கையை உதறிவிட்டு நடந்து போய் மேஸ்திரியின் முன் உட்கார்ந்து அவர் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தன. அவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. எத்தனையோ நாளாக அவள் அப்படி அழுததில்லை.

"இவர் தன்னார்வலர் இல்லம்மா," என்றாள். "இவருக்கு ஞாபகம் போயிடுச்சு. இவரைத் தேடித்தான் நான் கால்வாய் வரைக்கும் ஓடினேன். கொஞ்சம் தப்பியிருந்தா இன்னிக்கு உயிர் போயிருக்கும்."

"இவர் யார்?" என்று யானிடம் கேட்டார் ஃபூ அம்மையார்.

"நிகழ்ச்சியின்போது பணியிடத்தை விட்டுப் போனவர்," என்றார் யான்.

"நல்லதாகப் போயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க ஈடுபாடு இல்லாத ஒருவரும் ஆய்வுக்குத் தேவைப்பட்டார்." அம்மையார் மேஸ்திரியின் தோளில் கை வைத்தார். "ஞாபகம்கூட இல்லாமல் ஒருவர் சேவைக்கு வருகிறார் என்றால் இதைவிடத் தன்னலமற்ற நிலை எது? மற்றவர்களும் இந்த நிலையை எட்ட என்ன பயிற்சி தரலாம் என்று யோசிக்க வேண்டும்."

கைதட்டல் ஓயவே இல்லை. தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்த கெங் மட்டும் தட்டவில்லை.

அன்று மாலைக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. தோங் மேஸ்திரி மாவட்டத்தின் முன்மாதிரி மூத்தோர். கிழக்கு வாசல் இனி அவர் பொறுப்பு. லுவானுக்குச் சட்டை கிடையாது, அட்டையும் கிடையாது. மேஸ்திரியின் ஆளுயரப் படத்துக்கு அளவு எடுத்தாயிற்று. மகள் போய்க் கெஞ்சினாள். "உங்க அப்பாவுக்கு வந்த பெருமையை நீங்களே தடுக்கலாமா?" என்று யான் அவளுக்குச் சூடாறிய வெந்நீர் கொடுத்து அனுப்பினார்.

அவள் நேரே லுவான் வீட்டுக்கு வந்தாள். "படுக்கவே மாட்டேங்கிறார் அத்தை. வில்லை பலகையில தொங்குது, நான் டூட்டியில இருக்கேன்னு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கார். நாளைக்கு அந்தக் குளிர்ல கொண்டுபோய் நிறுத்திடுவாங்க. நான் கதவைப் பூட்டிடட்டுமா?"

லுவானுக்குக் கட்டுப் போட்ட விரல்கள் ஞாபகம் வந்தன. "பூட்டாதே," என்றாள். எதை நம்பிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி சிவப்புச் சட்டையோடு கிழக்கு வாசலில் விறைப்பாக நின்றார். நிங் முன் படம், நடுப் படம் எடுத்துவிட்டு, குளிர் தாங்காமல் அலுவலகத்துக்குள் ஓடிவிட்டாள். மேஸ்திரிக்குக் கையுறை இல்லை. தொப்பி வீட்டில். காது மடல் சிவந்து, பிறகு நுனியில் வெளுக்க ஆரம்பித்தது. அந்த வெளுப்பு பரவினால் சதை உறைந்து காதே போய்விடும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"மேஸ்திரி, ஷிப்ட் மாறிடுச்சு," என்றாள் லுவான்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு? வெளியாள் இங்க நிக்கக் கூடாது."

"உங்களுக்கு ராத்திரி ஷிப்ட். வீட்டுக்குப் போங்க."

"போம்மா அந்தப் பக்கம்."

தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைக்கப் போனாள், தட்டிவிட்டார். மடியில் சூடாக வைத்திருந்த ஆவி ரொட்டியை நீட்டினாள், திரும்பியும் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள். முன்மாதிரி மூத்தோரின் பணிக்கு இடையூறு செய்தால் நடவடிக்கை வரும் என்று யான் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். திரும்பி வந்தபோது மேஸ்திரியின் உடம்பு நடுங்க ஆரம்பித்திருந்தது. கால் மட்டும் அசையவில்லை. லுவானுக்கு அழக்கூட முடியவில்லை. விறைத்த கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்தாள். விரலில் ஏதோ சில்லென்று தட்டுப்பட்டது.

நேற்று அட்டையிலிருந்து கழற்றிப் பையில் போட்ட பித்தளை வில்லை.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவர் முன் நீட்டினாள். ஆலை வாசலில் நீட்டுவார்களே, அதே மாதிரி. "உங்க வில்லை, மேஸ்திரி. ஷிப்ட் முடிஞ்சது."

அவர் வாங்கிக் கட்டை விரலால் எண்ணைத் தடவிப் பார்த்தார். முகம் இளகியது. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காத களைப்பு அப்போதுதான் அவர் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் நகரவில்லை.

"மாத்து ஆள் யாரு?"

"நான்தான்."

"சட்டை இல்லையே?"

அவரே குளிரில் மரத்த விரல்களால் சிவப்புச் சட்டையைக் கழற்றி, அவள் தலைவழியாக மாட்டி, தோளில் சரியாக இழுத்துவிட்டார்.

"புதுசா நீ? உலையை விட்டுட்டு எங்கயும் போயிடாதே."

"போகல, மேஸ்திரி."

அவர் தொப்பியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, ஆவி ரொட்டியையும் வாங்கிக்கொண்டு, வீட்டைப் பார்த்து மெல்ல நடந்தார். படியேறி உள்ளே போகும்வரை லுவான் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பின் படத்துக்காக நிங் ஓடிவந்தாள். "மேஸ்திரி எங்க அக்கா?"

"வீட்டுக்குப் போயிட்டார்."

"ஐயோ, பின் படம் அனுப்பணுமே." சுற்றும் முற்றும் பார்த்தாள். அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய அட்டை மேஸ்திரி சுவரில் சாய்ந்திருந்தார். அவரை நிமிர்த்தி வாசலில் நிறுத்திப் பனியைத் துடைத்துவிட்டுக் கைபேசியைத் தூக்கினாள். பிறகு இறக்கினாள்.

"அக்கா, நீங்க படத்துல விழறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

லுவான் தள்ளி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தோங் மேஸ்திரி வீட்டுப் படிக்கட்டு இன்னும் நன்றாகத் தெரிந்தது.